மங்குத் தூக்கும் கடைவாய்ப் பல்லும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் மங்குச் சாமான்களுள், விளிம்பில் சிறிதேனும் பூச்சு உதிராத ஒன்றைத் தேடி எடுப்பது கடினம். மங்கு என்பது இரும்புத் தகட்டின்மீது கண்ணாடிப் பொடியை உருக்கிப் படியவைத்த எனாமல் பாத்திரத்துக்குச் செட்டிநாட்டில் வழங்கும் பெயராகும். சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த இப்பாத்திரங்கள், ஒரு காலத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களோடு அடுக்கடுக்காகச் சென்று, நகரத்தார் வீடுகளின் உள்ளறைகளில் பலகாரம் வைக்கும் தூக்குகளாகவும் சட்டிகளாகவும் நெடுங்காலம் வாழ்ந்தன. நீல விளிம்பிட்ட ஒரு வெள்ளைத் தூக்கின் வாயோரத்தில் மிளகளவு பூச்சு பெயர்ந்து கருத்திருப்பதைக் காணும்போது, அவ்வீடுகளில் வளர்ந்து இன்று எழுபதைத் தொட்டிருக்கும் ஒருவருக்கு, அத்தூக்கில் இருந்த மாவுருண்டையின் மணமும், தம் வாயில் இடதுபுறம் கீழ்வரிசையில் நெடுநாளாக வெற்றிடமாகக் கிடக்கும் ஒரு கடைவாய்ப் பல்லின் நினைவும் ஒருசேர எழுவதில் வியப்பில்லை. பல்லின் மேற்பூச்சுக்கும் எனாமல் என்பதே பெயர்; அது உதிர்ந்தபின் நிகழ்வதும் ஏறக்குறைய இத்தூக்கின் வாயோரத்தில் நிகழ்ந்ததைப் போன்றதே.

பற்சிப்பி என்றும் அழைக்கப்படும் அந்தப் பூச்சு, மனித உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். அதன் எடையில் 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான ஹைட்ராக்சி அபடைட் என்னும் தாதுப் படிகங்கள் ஆகும். எலும்பு முறிந்தால் கூடிக்கொள்வதும் தோல் கீறினால் ஆறிவிடுவதும் அவற்றுள் உயிரணுக்கள் இருப்பதனால் ஆகும். பற்சிப்பியை உருவாக்கிய உயிரணுக்களோ, பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்ட இடத்தை உடல் தானாக நிரப்பிக்கொள்ள இயலாது. சிப்பிக்கு அடியில் இருக்கும் பல்திசு அதைவிட மென்மையானது. எனவே மேலே ஊசிமுனையளவாகத் தெரியும் துளை, உள்ளே அகன்று பரவியிருக்கும். மங்குப் பாத்திரத்தில் மேற்பூச்சு மிளகளவே பெயர்ந்திருக்க, அடியில் துரு விரலளவு ஓடியிருப்பதைச் செட்டிநாட்டுப் பெண்கள் நன்கு அறிவர். அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே காரைக்குடியில் அமைந்து, உலோகங்களின் அரிமானத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. துருவும் சொத்தையும் வேதியியலில் ஒன்றல்ல. முன்னது இரும்பு ஈரத்தோடும் உயிர்வளியோடும் கூடுவதால் விளைவது, பின்னது தாது அமிலத்தில் கரைவதால் விளைவது. ஆயினும் இரண்டும் கண்ணுக்குப் புலப்படாமல் தொடங்கி, புலப்படும்போது காலம் கடந்துவிட்ட கேடுகள் என்பதில் வேறுபாடு இல்லை.

அத்தகைய தூக்குகள் இருந்த இடம் வளவுக்கு அப்பால், இரண்டாம் கட்டில், சன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. செட்டிநாட்டு வீட்டில் வளவு என்பது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பகுதி. அதன் இருபுறமும் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு, மணமக்களைச் சில காலம் கழித்துத் தனி அடுப்பில் சமைக்கவிடும் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கமும் உண்டு. அடுப்புகள் பலவாயினும், பலகார அறையின் சாவி பெரும்பாலும் ஒரே இடுப்பில்தான் இருந்தது. அது அப்பத்தாவின் இடுப்பு. முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புச் சாவியைத் துளையிலிட்டு இருமுறை திருக, கதவு தன் எடையால் முனகிக்கொண்டு திறக்கும். உள்ளிருந்து முதலில் வருவது இருளும் குளிர்ச்சியும், பிறகு கருப்பட்டியும் நெய்யும் வறுத்த உளுந்தும் கலந்த மணம். அந்த மணத்தை நுகர்ந்த பிள்ளைகளுள் ஒருவருக்கும் அறைக்குள் கால்வைக்க உரிமை இருந்ததில்லை. வாசற்படியில் நின்றபடி கையை நீட்ட வேண்டும். கையில் வைக்கப்படுவது எதுவோ அதுவே அன்றைய பங்கு.

செட்டிநாட்டின் இனிப்புகள் தம்முள் ஓர் உலகம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்த கருப்பட்டியைக் கரைத்து ஊற்றிய பணியாரம், வெல்லம் சேர்த்து அரைத்த அரிசி மாவை எண்ணெயில் ஊற்றிப் பொங்கவைத்த கந்தரப்பம், வறுத்த உளுந்து மாவைக் கருப்பட்டியோடு நெய்யில் கிண்டிய கும்மாயம், பாசிப்பருப்பு மாவில் பிடித்த மாவுருண்டை, பாகில் புரட்டிய மனகோலம், பர்மாவிலிருந்து வணிகத்தோடு வந்து கல்யாணப் பந்தியில் நிலைத்துவிட்ட கவுனி அரிசி என அப்பட்டியல் நீளும். கவுனி என்பது கருஞ்சிவப்பு நிறமுடைய ஒட்டும் அரிசி. அதை ஊறவைத்து வேகவைத்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்க்கும்போது, பல்லிடுக்கில் எளிதில் தங்கி, எளிதில் நீங்க மறுக்கும் ஒரு பண்டமாகிறது. கல்யாண வீட்டில் காலைப் பலகாரத்துக்கும் பகல் சாப்பாட்டுக்கும் பிறகு, மாலை தொடங்கும் நேரத்தில் பரிமாறுவதற்கென்றே இடைப்பலகாரம் என்று ஒரு வேளை இருந்தது. அந்தச் சொல்லைப் பல் மருத்துவ நூலொன்றில் அப்படியே எடுத்தாளலாம். ஏனெனில் இரு உணவுகளுக்கு இடையே உண்ணப்படும் இனிப்புத்தான் பல்லின் விதியைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

தமிழ் வீடுகளில் பல்லும் இனிப்பும் பகையாக அல்ல, உறவாகவே எண்ணப்பட்டன. பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பது சேனை எனப்பட்டது. குழந்தை யார் சேனை வைத்தாரோ அவர் குணத்தைப் பெறும் என்ற நம்பிக்கையும் இருந்தது. முதற்பல் முளைத்தபோது, தேங்காய்ப் பல்லும் வெல்லமும் சேர்த்துச் சிறு பல் வடிவில் கொழுக்கட்டை பிடித்து, குழந்தையை உட்காரவைத்து அதன் தலையில் சொரிந்து, சிதறியவற்றைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் வழக்கம் பல பகுதிகளில் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது இன்றும் அழகிய சடங்காக நிலைத்திருக்கிறது. விழுந்த பாற்பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்தனர். பல் சொத்தையானபோது மட்டும் இனிப்பின்மீது எவரும் பழி சொல்லவில்லை; பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்றனர். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, அதன் புகையைக் குழல் வழியே வாய்க்குள் செலுத்தினால் பூச்சி உதிரும் என்பது பலர் கண்டு வளர்ந்த வைத்தியமாகும்.

பூச்சி என்ற எண்ணத்தில் பாதி உண்மை இருந்தது என்பதை அறிவியல் பின்னர் காட்டியது. பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர் என்னும் பல் மருத்துவர், நுண்ணுயிரியலின் முன்னோடியான ராபர்ட் காக்கின் ஆய்வுமுறைகளைப் பயின்று, வாயில் வாழும் நுண்ணுயிரிகள் மாவுப்பண்டங்களையும் சர்க்கரையையும் புளிக்கச்செய்து அமிலம் உண்டாக்குகின்றன என்றும், அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1924இல் கிலியன் கிளார்க் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமியைப் பிரித்தெடுத்தார். கரும்பிலும் பனையிலும் உள்ள முதன்மைச் சர்க்கரையான சுக்ரோஸ் கிடைக்கும்போது, இக்கிருமி அமிலத்தைச் சுரப்பதோடு நில்லாமல், அதே சர்க்கரையிலிருந்து குளூக்கான் என்னும் பசையையும் நெய்து, அப்பசையால் தன்னைப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் நாவால் தடவும்போது பல்மேல் வழவழப்பாகப் படும் படலம், இப்பசையும் பலவகைக் கிருமிகளும் சேர்ந்த குடியிருப்பேயாகும்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் தயங்காமல் மறுத்தாக வேண்டியுள்ளது. வெள்ளைச் சீனிதான் பல்லைக் கெடுக்கும், கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கெடுக்கா என்று அன்போடும் உறுதியோடும் சொல்லப்படுவது உண்மையன்று. கருப்பட்டியில் சிறிது இரும்புச்சத்தும் பிற தாதுக்களும் இருக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கிருமிக்கு அதன் நிறம் தெரியாது. மேற்சொன்ன வீடொன்றில் வளர்ந்த சிறுவன் ஒருவனின் கடைவாய்ப் பல்லே இதற்குச் சான்று. பணியாரத்துக்குக் கருப்பட்டி தட்டும் நாள்களில் அம்மியருகே தெறிக்கும் சில்லுகளை யாரும் காணாமல் எடுத்து, ஒன்றைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே ஒதுக்கிக்கொண்டு, அது கரைந்து முடியும்வரை மெல்லாமல் வைத்திருப்பது அவன் கண்டுபிடித்த இன்பம். சில இரவுகளில் அப்படியே உறங்கியும் போனான். அவன் ஒதுக்கிய இடம், ஆறாம் வயதில் பாற்பற்களின் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்கு நேராக இருந்தது. எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால், பெற்றோர் பலரும் அதையும் விழுந்து முளைக்கக்கூடிய பாற்பல் என்றே கருதிக் கவலையற்றிருப்பர். அவன் வீட்டிலும் அவ்வாறே கருதினர். வலி வந்தபோது அப்பத்தா கிராம்பை இடித்துப் பஞ்சில் வைத்து அழுத்தினார். கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பை மரக்கச்செய்யும் தன்மையுடையது என்பதால் அன்றிரவு வலி தணிந்தது. பத்து வயது நிறையுமுன் அப்பல் பிடுங்கப்பட்டது, அதன் இடத்தில் வேறு பல் முளைக்கவில்லை.

அச்சிறுவனின் உடன்பிறந்தோரும் சித்தப்பா பிள்ளைகளும் அதே பலகாரங்களைத் தின்றே வளர்ந்தனர். அவர்களுள் பலருக்குப் பல் கெடவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டெபன். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்தபின் பல்மேற்படலத்தின் அமிலத்தன்மையை அவர் 1940களில் அளந்து காட்டினார். அமிலத்தைக் குறிக்கும் பிஎச் என்னும் அளவு, நடுநிலையான 7ஐ ஒட்டிய நிலையிலிருந்து சில நிமிடங்களிலேயே 5.5க்குக் கீழே சரிந்துவிடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே பற்சிப்பியிலிருந்து தாது கரையத் தொடங்குகிறது. பின்னர் உமிழ்நீர் மெல்ல அமிலத்தை முறித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலையை மீட்டு, தன்னிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. பள்ளம் விழாத வெண்புள்ளி நிலையில் இருக்கும் தொடக்கச் சொத்தை இவ்வாறு ஆறவும் கூடும். எனவே ஒருமுறை தின்ற இரண்டு மாவுருண்டைக்கு ஒரு சரிவும் ஒரு மீட்சியும் உண்டு. கன்னத்தில் ஒதுக்கிய கருப்பட்டிச் சில்லுக்கோ சரிவு மட்டுமே உண்டு, உறக்கத்தில் உமிழ்நீர் குன்றிவிடுவதால் மீட்சியே இல்லை.

இதை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்த ஆய்வு, மங்குப் பாத்திரங்கள் வந்த அதே சுவீடனில் நடந்தது. லுண்ட் நகரின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1945 முதல் சில ஆண்டுகள் வெவ்வேறு முறையில் இனிப்பு தரப்பட்டது. உணவோடு சேர்த்து மிகுதியான சர்க்கரை பெற்றவர்களின் பற்கள் சிறிதே கெட, உணவுகளுக்கு இடையே ஒட்டும் டாபி தரப்பட்டவர்களின் பற்கள் வேகமாக அழிந்தன. தம் ஒப்புதலைச் சொல்லவே இயலாத மனிதரின் வாயில் இவ்வுண்மை எழுதப்பட்டது என்பது எண்ணும்தோறும் உள்ளத்தைச் சுடுகிறது. உலகம் அதை நெறியற்ற ஆய்வு என்றே இன்று மதிப்பிடுகிறது. அதன் முடிவு வெளியானபின், சுவீடன் மக்கள் பிள்ளைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தருவது என்னும் வழக்கத்தை மேற்கொண்டனர். செட்டிநாட்டு அப்பத்தாக்கள் எந்த ஆய்வையும் அறியாமலே, இடுப்புச் சாவியைக்கொண்டு அதே பணியைச் செய்துவந்தனர். மூன்று மணிக்குத் திறந்த அறை மறுநாள் மூன்று மணிவரை திறக்காது. தின்று முடித்த பிள்ளை முற்றத்து ஓரத்தில் செம்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்காமல் விளையாடப் போகவும் முடியாது. அவர்கள் எண்ணியது பல்லை அன்று. திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும் பலகாரம் மிஞ்ச வேண்டும் என்பதே. ஆயினும் அவ்வீடுகளின் பற்களைக் காத்ததில் கருப்பட்டியின் குணத்தைவிடச் சாவியின் பங்கே பெரிது.

அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவதும் பிழையாகும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பர். அங்கே வேல் எனப்படுவது வேப்பமரம் அன்று, துவர்ப்புமிக்க கருவேல மரம். ஆனால் ஆலங்குச்சியும் கருவேலம்பட்டையும் தேய்த்த வாய்களே நாளெல்லாம் வெற்றிலையும் பாக்கும் மென்றன. சொத்தை குறைந்திருந்த முதியோர் பலருக்கு ஈறு கரைந்து, பற்கள் முழுமையாகவே ஆடி விழுந்தன. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும் இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பிய சிலர் சிரிக்கும்போது மின்னிய தங்கப்பல், செல்வத்தின் அடையாளமாகப் பேசப்பட்டதே அன்றி, அதன் கீழிருந்த இழப்பைப் பற்றி எவரும் பேசியதில்லை.

சாவியின் ஆட்சி ஒரே நாளில் முடியவில்லை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து வந்த வருவாய் நின்று, செட்டிநாட்டின் பெரிய வீடுகள் மெல்ல ஒடுங்கத் தொடங்கின. அதே போர் ஜப்பானியரின் வாயிலும் ஒரு மாற்றத்தைச் செய்தது: போருக்கு முன் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கிலோவாக இருந்த சர்க்கரை, 1946இல் ஒரு கிலோவுக்கும் கீழே சரிய, பிள்ளைகளின் பற்சொத்தையும் குறைந்தது என்பதை அந்நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தனர். இங்கோ போக்கு எதிர்த்திசையில் அமைந்தது. முன்பு விருந்துக்கு மட்டும் எடுக்கும் பொருளாக இருந்த சீனி, நியாயவிலைக் கடையில் மாதந்தோறும் அளந்து கிடைக்கும் பொருளாயிற்று. அரிசி வேண்டாமென்று கூடுதல் சீனி பெறுவோருக்குச் ‘சர்க்கரை அட்டை’ என்றே தனி அட்டை தமிழ்நாட்டில் உண்டு. சிவகங்கைக்கு அருகே படமாத்தூரில் சர்க்கரை ஆலை எழுந்தது. அடுப்பில் நாளுக்கு இருமுறை கொதித்த காப்பி, தெருமுனைக் கடையில் நாளுக்கு ஐந்து தேநீராகப் பெருகியது. பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டியில் ஆரஞ்சு மிட்டாயும் தேன்மிட்டாயும் வந்தன. பிறகு புட்டியும் போய், பத்து ரூபாய்க்குள் அடங்கும் பளபளப்புப் பொட்டலங்கள் சரம்சரமாகத் தொங்கின. பூட்டுக்கு அங்கே வேலையில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையில், உணவில் தனியே சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு முதலியவற்றில் உள்ள சர்க்கரையும் நாள்தோறும் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே குறைப்பது மேலும் நன்று என்றும் கூறியது. வளர்ந்த ஒருவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. 300 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றே அவ்வளவைத் தாண்டிவிடுகிறது. குழந்தை உறங்குவதற்காக இனிப்புப் பால் நிறைத்த புட்டியை இரவு முழுவதும் வாயில் விட்டுவைப்பது, மேல்வரிசை முன்பற்களை இரண்டு வயதுக்குள்ளேயே அரித்துவிடுகிறது. கன்னத்தில் ஒதுக்கிய கருப்பட்டியின் கதையே இது, குழந்தையின் அறியாமையில் அன்றிப் பெரியவரின் அன்பில் நிகழ்வது. ஃப்ளூரைடு கலந்த பற்பசை சிப்பியை அமிலத்துக்கு எளிதில் இளகாதபடி வலுப்படுத்துகிறது என்பது இக்காலத்தின் பெரும்பேறு. பல் மருத்துவமும் இப்போது அருகில் வந்துவிட்டது. சிதம்பரத்தில் 1980இல் ராஜா முத்தையா பெயரில் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியபோது செட்டிநாட்டிலிருந்து அங்கே செல்வது நெடும்பயணமாக இருந்தது. 2023இல் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது.

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அவ்வீடுகள், முன்னோரை வழிபடும் படைப்பு நாளுக்காகத் திறக்கப்படுவது உண்டு. அப்படியொரு நாளில், கடைவாய்ப் பல்லை இழந்த அச்சிறுவன், இப்போது பேரப்பிள்ளைகள் ‘ஐயா’ என்றழைக்கும் முதியவராக, பட்டணத்திலிருந்து வந்த எட்டு வயதுப் பேத்தியோடு இரண்டாம் கட்டில் நின்றுகொண்டிருந்தார். முந்திய மாதம் அவளுடைய ஆறு வயதுப் பல்லில் ஊசிமுனையளவு துளை கண்டறியப்பட்டு, வெண்ணிறப் பசை நிரப்பி நீல விளக்கொளியில் இறுக்கப்பட்டிருந்தது, பல் பிழைத்துவிட்டது. பேத்தி வாயை அகலத் திறந்து அதைக் காட்ட, அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். நிரப்பிய இடம் எது, பல் எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு அவள் அறைக்கதவைக் காட்டி, “ஐயா, அந்தத் தூக்குல இருக்கறதுல ஒண்ணு இப்பவே தாங்களேன்” என்றாள்.

“மூணு மணிக்கு வா, ஆத்தா.”

இரண்டே முக்காலுக்கெல்லாம் அவள் வாசற்படியில் வந்து அமர்ந்துவிட்டாள். பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தது.